கடக்கால் மண்ணை வெளியே கொட்டாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டு நிலத்தில் வீடு கட்ட அஸ்திவாரக் கடக்கால் பறித்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேலே ஓர் அடிக்கு வேரும் புல்லுமாகச் செம்மண். அதற்குக் கீழே சிறு கல்லும் மணலும் களியும் கலந்த மொரம்பு. இன்னும் இறங்கினால் கடப்பாரை பாறையில் முட்டி ‘ணங்’ என்கும். இதில் நடுவே இருக்கும் மொரம்பைத்தான் டிராக்டரில் ஏற்றி, வாடகையும் கொடுத்து, எங்கேயோ பள்ளத்தில் தட்டிவிட்டு வருகிறோம். திரும்பி வரும்போது அதே டிராக்டரில் செங்கல் வருகிறது.

அந்த மொரம்பைச் சலித்து, லேசாக ஈரம் காட்டி, இரண்டு பலகைக்கு நடுவே கொட்டித் திமிசு (கனத்த தலை உள்ள இடிகட்டை) போட்டு இடித்தால் அதுவே சுவர். ரேம்டு எர்த் என்று பத்திரிகைகளில் வழவழப்பான படங்களாக வருவது இதுதான். நம் ஊர்ப் பழைய மண்சுவர் வேறு வகை. அது குழைத்த மண்ணை உருண்டை பிடித்து அடுக்கி ஏற்றியது. காயும்போது சுருங்கி வெடிக்கும். இது முக்கால்வாசி உலர்ந்த மண்ணை அடித்து இறுக்குவது. தண்ணீர் குறைவு என்பதால் சுருக்கமும் குறைவு.

‘தாங்குமா?’ என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். 8 அடி உயரச் சுவரின் எடை, மேலே ஓட்டுக்கூரை, சுவர் தலையில் ஓடும் காங்கிரீட் பெல்ட் எல்லாம் சேர்ந்து சுவரின் அடியில் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 0.1 நியூட்டன்கூட வராது. 6 சதவீதம் சிமெண்ட் கலந்து ஒழுங்காக இடித்த நல்ல மண் 28 நாளில் 2 நியூட்டனுக்கு மேல் தாங்கும். இருபது மடங்கு கையிருப்பு. ஆக, பாரம் பிரச்சினையே இல்லை. கேட்க வேண்டியது ‘எங்கே நனையும், எப்படிக் காயும்?’ என்பது. கீழே சொல்லும் அளவுகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

அளவு

நான்கு பேர் குடும்பத்துக்கு வெளியளவு 30 அடிக்கு 18 அடி போதும். சுவர்க் கனம் 1 அடி. உள்ளே இரண்டு குறுக்குச் சுவர். நடுவில் 10 அடிக் கூடம், ஒரு பக்கம் 8 அடியில் படுக்கை அறை, மறுபக்கம் 8 அடியில் சமையலும் சாமான் அறையும். குறுக்குச் சுவர்களைக் கழித்து 416 சதுர அடி கைக்கு வரும். 540 சதுர அடியில் 124 சதுர அடியைச் சுவரே தின்றுவிடுகிறது என்று வருத்தமாக இருக்கும். ஆனால் சுவரை 9 அங்குலமாகக் குறைத்தால் உயரத்தையும் நீளத்தையும் அதற்கேற்ப வெட்ட வேண்டி வரும்.

காரணம் ஐ.எஸ். 13827. மண் கட்டடங்களை நிலநடுக்கத்துக்குத் தாங்க வைப்பது பற்றி 1993-ல் வந்த இந்திய தர நிர்ணய ஆவணம் இது. சுவரின் உயரம் கனத்தைப் போல 8 மடங்குக்குள் இருக்க வேண்டும். குறுக்குச் சுவரோ முட்டோ இல்லாமல் ஓடும் நீளம் எப்படியும் 10 மடங்கைத் தாண்டக்கூடாது. ஜன்னலோ கதவோ 4 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். வெளி மூலையிலிருந்து 4 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 1 அடிச் சுவருக்கு 8 அடி உயரம் என்பது இந்தக் கணக்கில் வந்ததுதான். சுவர் உயர உயர நீள வரம்பு இன்னும் சுருங்கும் என்பதால், 10 அடிக் கூடத்துக்கும் உள்ளே ஓடும் குறுக்குச் சுவர்களுக்கும் முட்டு வேண்டுமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அகலவாட்டு வெளிச் சுவர் உள்ளே 16 அடி ஓடுகிறது, வரம்பைத் தாண்டுகிறது. அதனால் அந்த இரண்டு சுவருக்கும் வெளிப்புறம் நட்டநடுவில் 2 அடி நீட்டி ஒரு முட்டுச்சுவர். மேற்கில் இருக்கும் முட்டு பந்தல் தாங்கவும் உதவும், அதற்குப் பிறகு வருகிறேன்.

நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம். குளியலறையும் கழிப்பறையும் மண் சுவருக்குள் வரக்கூடாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அவை புழக்கடையில் இருந்ததில் ஒரு நியாயம் உண்டு. பின் தாழ்வாரத்தை ஒட்டி, கருங்கல்லிலோ செங்கல்லிலோ தனியாகக் கட்டிக்கொள்வது நல்லது. தினமும் நனையும் சுவரை மண்ணில் எழுப்பி, மேலே டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். டைல்ஸ் இணைப்பில் இறங்கும் தண்ணீர் உள்ளேயே தங்கி அடிச் சுவரை மெத்தென்று ஆக்கிவிடும். வெளியே தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

கதவு ஜன்னல் போக இடிக்க வேண்டிய சுவர் ஏறத்தாழ 870 கன அடி, எடையில் 47 டன். கடக்கால் 2 அடி அகலம், 2½ அடி ஆழம், மொத்தம் 126 அடி நீளம். மேல் ஓர் அடியைத் தள்ளிவிட்டால் அதிலிருந்து 378 கன அடி மொரம்பு வரும். மழைநீர்த் தொட்டிக்கு 10 அடிக்கு 10 அடி, 7 அடி ஆழம் பறித்தால், அதிலும் மேல் ஓர் அடி போக, இன்னொரு 600 கன அடி. சலித்ததில் போகும் கல்லைக் கழித்தாலும் வெளியிலிருந்து மண் அடிக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை. அடிக்க நேர்ந்தால், கனிமவளத் துறை அனுமதிச் சீட்டு இல்லாத லாரியை உள்ளே விடாதீர்கள்.

மண்

மேல் மண் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். வேர், இலைக் குப்பை எல்லாம் பின்னால் மட்கி ஓட்டை விடும், கரையானையும் கூப்பிடும். அதைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். மொரம்பை முக்கால் அங்குலச் சல்லடையில் சலித்த பிறகுதான் சோதனை.

பக்கம் நேராக இருக்கும் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு நிமிடம் குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் கல்லும் மணலும் அடியில் உட்காரும். ஒரு மணி நேரத்தில் வண்டல். களி தெளிய ஒரு நாள் ஆகும். கல்லும் மணலும் சேர்ந்து 65 முதல் 70 சதவீதம், களி 15 முதல் 20, மீதி வண்டல் என்று இருந்தால் அருமையான மண். பாட்டிலில் களி ஊறிப் பெருத்து நிற்கும்; கண்ணுக்குத் தெரிவதைவிட உண்மையில் குறைவாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது சுருக்கச் சோதனை. 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை அழுத்தி நிரப்பி நிழலில் ஒரு வாரம். காய்ந்ததும் மண்ணை ஒரு ஓரமாகத் தள்ளி இடைவெளியை அளக்கவும். 15 மில்லிமீட்டருக்குள் என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 30-ஐத் தாண்டினால் களி அதிகம்; மணல் சேர்க்க வேண்டும். இங்கேதான் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வசதி: கல் குவாரியும் கிரஷரும் நிறைந்த மாவட்டம். கிரஷர் டஸ்ட்டை நாலில் ஒரு பங்கு வரை கலக்கலாம். ஆனால் கையில் எடுத்துத் தேய்த்தால் மாவு போல ஒட்டும் டஸ்ட் வேண்டாம், அது வண்டலைத்தான் கூட்டும். அப்போது எம்-சாண்ட் வாங்குவது மேல். நிலத்தில் கரிசல் துண்டு இருந்தால் அந்த மண்ணை மறந்துவிடுங்கள். அதன் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். மணல் கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பது பணத்துக்குக் கேடு.

இடிப்பது

பலகைதான் பாதி வேலை. காங்கிரீட் சென்ட்ரிங் போல நினைத்து மெல்லிய பலகை அடித்தால், நாலாவது வரியில் (ஒரு தடவை பரப்பி இடிக்கும் அடுக்குதான் வரி) வயிறு தள்ளிவிடும். திமிசு அடி பக்கவாட்டில் தருகிற தள்ளு அப்படி. 18 மி.மீ. சட்டரிங் பிளைவுட், 8 அடிக்கு 4 அடி ஷீட், பக்கத்துக்கு இரண்டு. வெளியே ஒன்றரை அடிக்கு ஒரு படுக்கைச் சட்டம், அதன்மேல் 2 அடிக்கு ஒரு நிமிர்ந்த பாக்ஸ் பைப். இரண்டு பக்கத்தையும் கோக்க 16 மி.மீ. மரை போட்ட கம்பி. கம்பி சுவருக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் பிவிசி குழாய்த் துண்டு. சுவர் முடிந்ததும் உருவிவிடலாம். பலகைக்கு உள்ளே மூலையில் முக்கோண ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடித்தால் சுவரின் மூலை கூர்மையாக இல்லாமல் சாய்ந்து வரும். கூர் மூலை எவ்வளவு நன்றாக இடித்தாலும் ஒரு மாட்டு வண்டி உரசலில் உதிர்ந்துவிடும். 8 அடி நீளத் துண்டாகச் சுவரை எழுப்பி, துண்டின் முனையில் ‘வி’ வடிவப் பள்ளம் விட்டால் அடுத்த துண்டு அதில் நாக்கு போல உட்காரும்.

கலவை ஒரு தடவைக்கு அரை மூட்டை சிமெண்ட், 12 கன அடி தளர்ந்த மண். இதுதான் 6 சதவீதக் கணக்கு. வீடு முழுக்க 56, 58 மூட்டை ஆகும். முதல் 2 அடி உயரத்துக்கு மட்டும் சிமெண்டை 8 சதவீதமாக ஏற்றுவது புத்திசாலித்தனம். அதற்கு இன்னும் ஐந்தாறு மூட்டை. முதலில் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும் வரை மூன்று தடவை புரட்டி, பிறகு பூவாளியில் தண்ணீர். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் ஓர் இடம் சேறு, ஓர் இடம் தூள்.

ஈரம் சரியா என்று தெரிய ஒரு கை மண்ணை எடுத்து இறுகப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. தோள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. அப்படியே தட்டையாகி நின்றால் தண்ணீர் அதிகம். தூளாகச் சிதறினால் போதவில்லை. ஒவ்வொரு கலவைக்கும் இதைச் செய்ய வேண்டும்; காலையில் சரியாக இருந்த அளவு மதியம் இரண்டு மணி வெயிலில் சரியாக இருக்காது.

சிமெண்டில் தண்ணீர் பட்டதிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் அந்தக் கலவை சுவருக்குள் இடிபட்டிருக்க வேண்டும். பெரும்பாலான தவறு டீ நேரத்தில்தான் நடக்கிறது. கலவையைப் புரட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்து ‘இறுகிப் போச்சு’ என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அள்ளிப் போடுவார்கள். பிடிக்க ஆரம்பித்த சிமெண்டைத் திமிசால் அடித்து உடைத்த மாதிரிதான். அந்த வரி மட்டும் பின்னால் விரல் பட்டாலே உதிரும். டீயை முதலில் குடிக்கச் சொல்லுங்கள், கலவை அப்புறம்.

பலகைக்குள் 6 அங்குலத்துக்கு மண்ணைப் பரப்பினால் அது 4 அங்குலமாக இறுக வேண்டும். 8 அடிக்கு 24 வரி. திமிசின் தலை 7, 8 கிலோ, அடித்தகடு 4 அங்குலச் சதுரம், பிடிக்கு 5 அடிக் குழாய். முதலில் பலகை ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று, மூலைகளில் கூடுதலாக, அப்புறம் நடுவில். ஆள்கள் நடுவில்தான் ஆசையாக இடிப்பார்கள். ஓரம் தளர்ந்துபோய், பலகை பிரித்ததும் பொரியுருண்டை மாதிரி முகம் தெரியும். தொடக்கத்தில் திமிசு ‘தொப்... தொப்’ என்றுதான் விழும். இறுக இறுகச் சத்தம் மாறும். கடைசியில் தரையில் கல்லை அடித்தது போல ‘டங்’ என்று எழும்பி, பிடித்திருக்கும் கைக்கு அதிர்ச்சி திரும்பி வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் அடுத்த வரி. சத்தம் வராமல் மண் ரப்பர் போலத் தளதளத்தால் ஈரம் அதிகம். எவ்வளவு அடித்தாலும் இறுகாது, அள்ளி வெளியே போடுவதைத் தவிர வழியில்லை. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று 9, 10 அங்குலம் கொட்டினால் மேல் பாதி கல், கீழ்ப் பாதி புட்டு. சுவரில் அது கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆறு பேர் கொண்ட குழு நாளைக்கு ஆறு கலவை, அதாவது சுமார் 45 கன அடி இடிக்கும். மொத்தம் 20 நாள். மாலையில் நிறுத்தும்போது மேல் வரியைக் கீறிவிட்டு, சாக்கால் மூடி, மறுநாள் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடர வேண்டும். பலகையை மறுநாள் காலையே பிரிக்கலாம். நேராக இழுக்காமல் பக்கவாட்டில் வழுக்கி எடுங்கள். இழுத்தால் மண்ணின் முகமும் கூடவே வரும். எங்கேயாவது பெயர்ந்தால் அன்றைக்கே அதே கலவையில் அடைத்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து அடைத்தால் ஒட்டுப் போட்ட சட்டைதான். பிறகு இரண்டு வாரம் ஈரச் சாக்கு. டியூபைப் பிடித்துப் பீய்ச்சாதீர்கள், தெளியுங்கள். உப்பான போர் தண்ணீரில் கலக்கினாலும் நனைத்தாலும் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பலத்துக்குப் பெரிய கேடில்லை, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோகும்.

மின்சாரக் குழாயை இடிக்கும்போதே சுவரின் நடுவில் நிறுத்த வேண்டும். ஸ்விட்ச் பெட்டி வரும் இடத்தில் அதே அளவு மரக்கட்டையை வைத்து இடித்து, பின்னால் உருவ வேண்டும். முடிந்த சுவரைக் கட்டர் வைத்து அறுத்துக் குழாய் பதிக்கும் எலக்ட்ரீஷியனைப் பார்த்தால் வயிறு எரியும். எங்கே ஸ்விட்ச் என்று முடிவெடுக்க முடியவில்லையா, சுவருக்கு வெளியே குழாய் ஓட்டிவிடுங்கள், கேடில்லை. பரண், அலமாரி வரும் இடங்களிலும் மரக்கட்டை வைத்து இடித்துவிட்டால் ஆணி அடிக்க வசதி.

காலும் தலையும்

அடியில் கருங்கல் கட்டு, தரைமட்டத்துக்கு மேல் 2 அடி. சிமெண்ட் சாந்து இடைவெளி இல்லாமல் நிரம்ப வேண்டும், கரையான் ஏறும் வழி அந்த இடைவெளிதான். அதன்மேல் 6 அங்குலக் காங்கிரீட் பெல்ட், அதற்கும் மேல் ஈரத்தடுப்பு. சுவர் முடியும் இடத்தில் இன்னொரு பெல்ட்: 1 அடி அகலம், 6 அங்குலம், 10 மி.மீ. கம்பி நான்கு. கூரைச் சட்டத்தை இந்தப் பெல்ட்டில் பதித்த 12 மி.மீ. போல்ட்டில்தான் இறுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் சூறைக்காற்று ஓட்டை மட்டுமல்ல, சட்டத்தோடு தூக்கும். நிலைக்கு மரத்தைவிடக் கல் நிலை நல்லது, இந்த மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்.

கூரை நாலு பக்கமும் சாய்ந்த மங்களூர் ஓடு. இரண்டு பக்கச் சாய்வு வைத்தால் மற்ற இரண்டு சுவரும் முக்கோணமாக உயர்ந்து மழைக்கு முகம் காட்டும். நாலு பக்கமும் 3 அடி தாழ்வாரம் நீட்டினால் காற்றில் 45 டிகிரி சாய்ந்து வரும் மழையில் சுவரின் மேல் 3 அடி தப்பிக்கும், கீழ் 5 அடி நனையும். அதனால்தான் அடியில் சிமெண்டைக் கூட்டச் சொன்னேன். நனைந்தாலும் கெட்டுவிடாது, ஆனால் நனைந்தது காய வேண்டும். மண்சுவரின் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடிப்பது, சிமெண்ட் பூசுவது இரண்டும் அந்தக் காய்தலைத் தடுக்கும். உள்ளே மாட்டிய ஈரம் பூச்சைத் தகடு தகடாகத் தள்ளும். சும்மா விடுங்கள், இல்லையேல் சுண்ணாம்பு அடியுங்கள். சுவரைச் சுற்றி 3 அடிக்கு வெளிப்பக்கம் சாய்ந்த கல் பாவிவிட்டால் தெறிக்கும் சேறும் அடங்கும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காட்டோரங்களில் குரங்கு ஓட்டைப் புரட்டும். பத்து ஓடு எப்போதும் கையில் இருக்கட்டும். யானை நடமாடும் இடமென்றால் ராகி மூட்டையையும் பலாப்பழத்தையும் படுக்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்; அதன் மூக்குக்கு மண்சுவரும் செங்கல் சுவரும் ஒன்றுதான்.

‘மண் வீடு குளுகுளுவென்று இருக்கும்’ என்பது பாதி உண்மை. மண் சுவர் வெப்பத்தைத் தடுக்காது, தள்ளிப்போடும். 1 அடிச் சுவரில் பகல் வெயில் உள்ளே வந்து சேர எட்டு, பத்து மணி நேரம் ஆகும். மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த ஏப்ரல் வெயில் நள்ளிரவில் கட்டிலுக்கு வரும். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே. அங்கே இரவுக் காற்று காப்பாற்றிவிடும். தருமபுரி, அரூர்ச் சமவெளியில் காப்பாற்றாது. மேற்கு முட்டுச்சுவரில் குறுக்குக் கழி போட்டுப் பந்தலிட்டு அவரையோ கோவையோ ஏற்றுங்கள். ஓட்டுக்குக் கீழே காற்றோட இடைவெளி விட்டு மூங்கில் பாய் அடியுங்கள். கூரை உச்சியில் சூடு வெளியேற ஒரு வாய் வேண்டும். இரவு ஜன்னலைத் திறந்து, காலை ஒன்பது மணிக்குள் சாத்திவிடும் பழக்கமும் சேர்ந்தால்தான் அந்தக் ‘குளுகுளு’ வரும்.

குடிநீர்

இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பழைய தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை சரி, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தரம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகும். கேண்டில் ஃபில்டரும் யு.வி. விளக்கும் அதைத் தொடாது. ஆர்.ஓ. எடுக்கும், ஆனால் கணிசமான தண்ணீரைக் கழிவாக வெளியே விடும், மின்சாரமும் கேட்கும். தனி வீட்டுக்குக் கூரை மழைதான் சுலபமான வழி.

தாழ்வாரத்தோடு கூரை 36 அடிக்கு 24 அடி, 80 சதுர மீட்டர். ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. சிந்தல், சிதறல் போக 80 சதவீதம் பிடித்தால் 54,000 லிட்டர். முழு வீட்டுக்கும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும் என்பதால் இது எல்லாவற்றுக்கும் எட்டாது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர் வைத்தால் மார்கழியிலிருந்து கோடை மழை வரை 150 நாளுக்கு 3,750 லிட்டர். மழை ஏமாற்றும் ஆண்டையும் சேர்த்து 10,000 லிட்டர்த் தொட்டி கட்டுங்கள்: உள்ளளவு 8 அடிக்கு 8 அடி, தண்ணீர் ஆழம் 5½ அடி. வீட்டுக் கடக்காலிலிருந்து 8 அடியாவது தள்ளி இருக்கட்டும். கசிந்தால் போவது தண்ணீர் மட்டுமல்ல, சுவரின் கால். ஒவ்வொரு மழையிலும் முதல் 80 லிட்டரை வெளியே விடும் குழாய், பிறகு மணல்-ஜல்லி வடிகட்டி, வெளிச்சம் புகாத மூடி. குளியல், துணி, தோட்டத்துக்குப் போர் தண்ணீர் போதும்.

மின்சாரம்

மின்கம்பம் நூறு அடியில் இருந்தால், மின்வாரியக் கம்பியே இல்லாமல் சூரிய மின்சாரத்தில் மட்டும் ஓட்டும் ஆஃப்-கிரிட் ஆசையை விட்டுவிடுங்கள். நாளைக்கு 3 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் வரும். அதில் 100 யூனிட் தமிழ்நாட்டில் இலவசம். மீதிக்கு வரும் பில்லைவிட பேட்டரித் தேய்மானம் அதிகம். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு மானியமும் கம்பத்தோடு இணைந்த அமைப்புக்குத்தான். கம்பி இழுக்கவே முடியாத தோட்டத்துக்குத்தான் கீழே உள்ள கணக்கு.

மூன்று பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) மின்விசிறி பத்து மணி நேரம் 900 வாட்-மணி, ஆறு எல்இடி பல்பு 216, சின்ன ஃபிரிட்ஜ் 700, லேப்டாப் 300, ரவுட்டரும் போனும் 280, அரை ஹெச்பி மோட்டார் அரை மணி நேரம் 270, டிவி 180, மிக்ஸி பத்து நிமிடம் 125. கூட்டினால் 3 யூனிட்டுக்கு (1,000 வாட்-மணி ஒரு யூனிட்) ஒரு நூலிழை குறைவு. இழப்பைச் சேர்த்தால் 4 யூனிட் உற்பத்தி வேண்டும். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் ஏறத்தாழ அவ்வளவு தரும், ஐப்பசி மூட்டத்தில் அதில் பாதிகூட வராது. ஆகவே 540 வாட் பேனல் நான்கு, 2.16 கிலோவாட். பேட்டரி 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று. சுமார் 5 யூனிட், அதில் 4 எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பேட்டரி வாங்கும் பணத்தில் இன்னும் இரண்டு பேனல் போடுவது மேல்: மூட்டமான நாளில் நிரப்ப ஆளில்லாத பேட்டரி வெறும் பெட்டி. 24 வோல்ட் வேண்டாம். 3 கேவிஏ இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 125 ஆம்பியர் இழுக்கும், கேபிள் சூடாகும். 48-ல் அது பாதி.

பேனலை ஓட்டின்மேல் ஏற்றாதீர்கள். கழுவப் போகும் ஒவ்வொரு முறையும் நாலு ஓடு போகும். தெற்குப் பார்த்து 12 முதல் 15 டிகிரி சாய்வில் தரையில் நிறுத்துங்கள். பேட்டரி வடக்குப் பக்கச் சாமான் அறையில் இருக்கட்டும், வெயில் படும் சுவரில் வேண்டாம். பாறை நிலத்தில் எர்த் குழி ஒன்று போதாது. இரண்டு மூன்று போட்டு இணைத்து, எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சமையலுக்கு இண்டக்‌ஷன் நினைக்கவே வேண்டாம். இரண்டு மூன்று மாடு இருந்தால் நாளைக்கு 25 கிலோ சாணத்தில் 1 கன மீட்டர் சாண எரிவாயு கிடைக்கும். நாலு பேர் சமையல் ஓடிவிடும்.

சோதனைச் சுவர்

தை பிறந்ததும் சுவர் வேலை தொடங்கி, சித்திரை இடிமழைக்குள் ஓடு ஏறிவிட வேண்டும். அதற்கு முந்தைய ஆடியிலேயே, உங்கள் மண்ணில், உங்கள் ஆட்களைக் கொண்டு 3 அடி நீளம், 3 அடி உயரத்தில் ஒரு சுவர் இடித்துப் பாருங்கள். 9 வரி. முதல் மூன்று வரிக்கு 8 சதவீதம், நடுவில் 6, மேலே 4 என்று சிமெண்டை மாற்றிப் போடுங்கள். இரண்டு வாரம் நனைத்துவிட்டு, மேலே எதையும் மூடாமல் புரட்டாசி, ஐப்பசி மழையில் விட்டுவிடுங்கள். கார்த்திகையில் போய் ஒவ்வொரு வரியையும் சாவியால் கீறிப் பார்க்க வேண்டும். சாவி வெறும் கோடு போட்டால் அந்த விகிதம் போதும். மண் உதிர்ந்து கையில் வந்தால் அது உங்கள் மண்ணுக்குப் பற்றாது. சோதனை முடிந்தபின் இடிக்க வேண்டாம், மேலே ஒரு கல் பலகை போட்டால் வாசலில் உட்காரத் திண்ணை.